தொகிவாவின் பதினோரு நிமிடம்

லண்டனுக்கு நான் போனது ஒரு மனிதரோடு நாற்பது நிமிடம் பேசுவதற்காக. கோவையில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு திரைப்படச் சங்கம் நடத்துகிறேன். சங்கம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் வெள்ளைத் துணி கட்டி, முப்பது பேருக்குப் படம் காட்டுவதுதான். அந்த முப்பது பேரில் பாதிப் பேர் தொகிவாவின் படம் என்றால் வரமாட்டார்கள். மீதிப் பேர் அதற்காகவே வருவார்கள்.

தொகிவா ஜப்பானியத் திகில் பட இயக்குநர். எழுபதைத் தாண்டியவர். அவரைப் பற்றிப் பதினைந்து வருடமாகச் சிறுபத்திரிகைகளில் எழுதிவந்தேன். அதையெல்லாம் சேர்த்துப் புத்தகமாக்கச் சென்னைப் பதிப்பாளர் ஞானசேகர் ஒப்புக்கொண்டார். ஜனவரியில் வெளியீடு. அதற்கு முன் லண்டனில் ஒரு சிறிய திரையரங்கு அவருடைய படங்களை ஒரு வாரம் திரையிடுகிறது, அவரும் வருகிறார் என்று தெரிந்ததும் எழுதிக் கேட்டேன். நாற்பது நிமிடம் தருவதாகப் பதில் வந்தது. புதன்கிழமை வந்து இறங்கினேன். வியாழன் மதியம் பேட்டி.

லண்டன் புறநகர் ரெய்னர்ஸ் லேனில் ஜெசிந்தா அக்கா வீட்டு மாடி அறையில் வாடகைக்குத் தங்கினேன். இலங்கை மன்னார்க்காரர், கணவர் இல்லை, மகன் வேறு ஊரில் படிக்கிறான். முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வேலை. என் பெட்டியைப் பிடுங்கி அவரே படியேற்றினார்.

"வாங்கோ தங்கச்சி. ஹீட்டர் போட்டிருக்கிறன். சாப்பிட்டியளோ?"

"விமானத்துல குடுத்தாங்கக்கா. பரவால்லைங்க."

"அது சாப்பாடே? இடியப்பமும் சொதியும் இருக்கு. முதல்ல சாப்பிடுங்கோ." தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். "நீங்கள் ஏன் எல்லாத்துக்கும் ஒரு ங்க போடுறியள்? எனக்குக் கூச்சமா இருக்கு."

"எங்க ஊர்ல நாய்க்குக்கூட ங்க போட்டுத்தாங்கக்கா பேசுவோம்" என்றேன். சிரித்தார். எதற்கு லண்டன் வந்தேன் என்று கேட்டார். ஒரு பேய்ப்பட இயக்குநரைப் பார்க்க என்றேன். இவ்வளவு தூரம் வந்தது பேய்க்காகவா என்பதுபோலப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தார்.

வியாழன் காலை எட்டு மணிக்கே தயாராகிவிட்டேன். பதினொரு மணிக்குச் செய்தி வந்தது: அவருக்குச் சளிக்காய்ச்சல், பேட்டி ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. ஒரு வரி வருத்தம். அவ்வளவுதான்.

அறையில் இருக்க முடியவில்லை. ரயிலேறித் தேம்ஸின் தென்கரைக்குப் போய்த் திரையரங்கை வெளியிலிருந்தாவது பார்க்கலாம் என்று கிளம்பினேன். வாசலில் நாலைந்து பெண்கள் கையில் அட்டையோடு நின்றார்கள். ஒருத்தி துண்டுப்பிரசுரம் நீட்டினாள். அதில் தொகிவாவின் புகைப்படம், அதன் குறுக்கே சிவப்புக் கோடு. படிக்காமல் மடித்துப் பையில் போட்டேன். எரிச்சலாக இருந்தது. இவர்கள் அவருடைய ஒரு படமாவது முழுதாகப் பார்த்திருப்பார்களா என்று மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டே நடந்தேன்.

திரும்பும்போது அந்தச் சண்டையிலேயே ரயிலைத் தவறவிட்டேன். தவறவிடவில்லை, தவறான ரயிலில் ஏறிவிட்டேன். மெட்ரோபாலிட்டன் பாதை ஹாரோவுக்குப் பிறகு இரண்டாகப் பிரிகிறது. நான் இருந்தது மற்ற கிளை. ஜன்னலுக்கு வெளியே வீடுகள் குறைந்து, மரங்கள் கூடி, கடைசியில் ஒரு குதிரையைப் பார்த்த பிறகுதான் விழித்தேன். இறங்கிய நிலையத்தில் ஆள் நடமாட்டமே இல்லை. பச்சை மேலங்கி போட்ட ஊழியப் பெண் ஒருத்தி என் முகத்தைப் பார்த்ததுமே, "எதிர்ப்புறம், அன்பே. தினமும் இரண்டு பேராவது வருவார்கள்" என்றாள். நம் ஊரில் இந்த இடத்தில் கூட்டமாக நின்று ஆளுக்கொரு வழி சொல்லியிருப்பார்கள். ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போயிருப்பார். இங்கே ஒரு வாக்கியம், அதுவும் சரியான வாக்கியம். பிறகு இருபது நிமிடம் நானும் குளிரும்.

அந்த இருபது நிமிடமும் தொகிவாவைப் பற்றித்தான் யோசித்தேன். திரைப்படப் பள்ளி எதிலும் படித்தவரில்லை. தொழிற்சாலைகளுக்குப் பாதுகாப்புப் படம் எடுக்கும் சிறு நிறுவனத்தில் உதவியாளராகச் சேர்ந்தவர். இயந்திரத்தில் கை சிக்கினால் என்னவாகும் என்று தொழிலாளிகளுக்குக் காட்டும் படங்கள். விபத்தைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், விபத்துக்கு முந்தைய நிமிடத்தைக் காட்டினால் கண் எடுக்கமாட்டார்கள் என்று அங்கே கற்றுக்கொண்டார். அவருடைய பாணி முழுதும் அதற்குள் இருக்கிறது. அவர் படங்களில் இருட்டு கிடையாது. பட்டப்பகல். கேமரா தூரத்தில் ஒரு இடத்தில் நிற்கும், நகராது. குழாயில் சொட்டும் தண்ணீர், பக்கத்து வீட்டு டிவி, சோறு கொதிக்கும் சத்தம். எதுவும் நடக்காது. நமக்கு வியர்க்கும்.

வீடியோ கடைகளுக்காகப் பத்து நாளில் ஒரு படம் என்று தள்ளியவர், பிறகு மூன்று நல்ல படங்கள் எடுத்தார். அதன் பிறகு என்ன ஆயிற்றோ, ரத்தமும் சித்திரவதையுமாக நாலைந்து படங்கள். சில நாடுகளில் சான்றிதழே தரவில்லை. விமர்சகர்கள் கைவிட்டார்கள். இளைஞர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். நடிகர்களிடம் என்ன நடக்கப்போகிறது என்று சொல்லாமலே படமெடுக்கிறார், வதைக்கிறார் என்ற பேச்சு அப்போதுதான் பரவியது. அவர் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

என்னை அவரிடம் கட்டிப்போட்டது அந்த மூன்று நல்ல படங்களில் ஒன்று. ரசிகர்கள் அதை அலமாரிப் படம் என்பார்கள். ஜப்பானிய வீடுகளில் படுக்கை சுருட்டி வைக்கும் சுவர் அலமாரிக்குள் மனைவியைத் தள்ளி, கதவுக்குக் கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு, கணவன் உட்கார்ந்து சாப்பிடுகிறான். நமக்குத் தெரிவது கதவும் அவனும் மட்டும். உள்ளிருந்து அவள் குரல். வெட்டே இல்லாமல் பதினோரு நிமிடம். ஜன்னல் வெயில் மெல்ல நகர்ந்து கதவின் மேல் ஏறுகிறது. பிறகு குரல் நின்றுவிடுகிறது. அந்த ஒரு ஷாட்டைப் பற்றி என் புத்தகத்தில் ஆறாம் அத்தியாயம் முழுதும் எழுதியிருந்தேன். புத்தகத்தின் அட்டையும் அந்தக் கதவுதான்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அந்தப் படம். என்னிடம் இரண்டு டிக்கெட். ஜெசிந்தா அக்காவுக்கு அன்று விடுமுறை.

"பயமா இருக்குமோ?"

"பேய் வராதுங்கக்கா."

"அப்ப வாறன்" என்று அவித்த கடலையை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

நான் அந்தப் படத்தைப் பெரிய திரையில் பார்ப்பது அதுவே முதல் முறை. அலமாரிக் காட்சி வந்ததும் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தேன். பாதியில் பக்கத்தில் அசைவு. ஜெசிந்தா அக்கா கடலை டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தார். எழுந்து போகவில்லை. ஆனால் அதன் பிறகு அவர் திரையைப் பார்க்கவில்லை, தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே தூறல். பேருந்து நிறுத்தத்தின் கூரைக்கடியில் ஒதுங்கினோம்.

"தங்கச்சி, ஒண்டு கேக்கட்டோ? அந்தப் பிள்ளை உள்ளுக்கை இருந்து கத்தேக்கை முதல்ல கீழ எழுத்து வந்தது. பிறகு ஏதோ மெல்லமாச் சொன்னவ. அதுக்கு எழுத்து வரேல்லை. என்ன சொன்னவ?"

"அது வார்த்தை இல்லைங்கக்கா. முனகல்." மொழி தீர்ந்து குரல் மட்டும் மிஞ்சும் இடம் என்று அத்தியாயத்தில் எழுதியிருந்தேன். நன்றாக எழுதிய வரி என்று எனக்கே பெருமை உண்டு.

"இல்லை. சொல்லுத்தான். ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொன்னவ." கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார். "எங்கட ஹோமில மறதி வருத்தம் உள்ள ஆக்கள் இருக்கினம். கதவு பூட்டியிருந்தாத் தட்டுவினம். முதல்ல கோவமாத் தட்டுவினம். பிறகு ஆரையோ பேர் சொல்லிக் கூப்பிடுவினம். கடைசியா 'சொறி' எண்டு மன்னிப்புக் கேப்பினம். என்ன பிழை செய்தனெண்டு தெரியாமலே சொறி. அந்தக் குரல் எனக்குத் தெரியும். அது நடிக்கிற குரல் இல்லை."

"அவங்க நல்ல நடிகைங்கக்கா."

"இருக்கலாம்" என்றார்.

வந்த பேருந்தில் ஏறினோம். நாலாவது நிறுத்தத்தில் இந்தப் பேருந்து இத்தோடு நிற்கிறது என்று அறிவிப்பு வந்தது. யாரும் முணுமுணுக்கவில்லை. எல்லோரும் இறங்கி நனைந்தார்கள். எனக்கு மட்டும் யாரோடாவது சண்டை போட வேண்டும்போல இருந்தது.

சனிக்கிழமை மொழிபெயர்ப்பாளரைச் சந்திப்பதாக ஏற்பாடு. பெயர் யூகோ. லண்டனுக்கு வந்து முப்பது வருடமான ஜப்பானியப் பெண்மணி. கேள்விகளை முன்கூட்டியே பார்த்துவைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருந்தார். ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தோம். குளிர்ந்துபோன முட்டை சாண்ட்விச்சை அவர் ரசித்துச் சாப்பிட, நான் என்னுடையதைப் பாதியில் வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன்.

"ஒரு நிமிடம் இதைக் கேட்டுச் சொல்ல முடியுமா?"

ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அலமாரிக் காட்சியை ஆறாவது நிமிடத்திலிருந்து போட்டேன். மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டார்.

"சொல்தான்" என்றார். "'போதும். மன்னித்துவிடுங்கள்.' அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறாள்."

"கணவனிடம் கெஞ்சுகிறாள். கதைப்படி அது சரிதானே?"

"சொல் சரி. மரியாதை சரியில்லை." கோப்பையைத் தள்ளி வைத்தார். "அதுவரை அவள் கணவனிடம் பேசுவது வீட்டுப் பேச்சு. உரிமையோடு, ஒருமையில். ஏழாவது நிமிடத்தில் அது மாறிவிடுகிறது. இது வேலை செய்யும் இடத்தில், தனக்கு மேலே இருப்பவரிடம் பேசும் பேச்சு. எந்த மனைவியும் பயத்தில் கணவனிடம் இப்படிப் பேசமாட்டாள்."

எனக்கு உடனே தமிழில்தான் கேட்டது. முதலில், திறடா. பிறகு, போதும் சார், மன்னிச்சிடுங்க சார். கொங்கு நாட்டில் பிறந்தவளுக்கு இதை யாரும் இரண்டாம் முறை விளக்க வேண்டியதில்லை.

"இது ஜப்பானில் தெரியாதா?"

"பழைய பேச்சுதான். அப்படிக் கேட்கிறது என்பார்கள் சிலர். இல்லை என்பார்கள் சிலர். வசனப் பிரதியில் இல்லாததைக் கீழே எழுத்துப் போட்டவர் எப்படி எழுதுவார்?" பிறகு நேராகப் பார்த்தார். "நாளைக்கு இதைக் கேட்கப்போகிறீர்களா?"

"கேட்டால் மொழிபெயர்ப்பீர்களா?"

"எனக்குச் சம்பளம் தருவது திரையரங்குக்காரர்கள்." ஹெட்போனைச் சுருட்டி என்னிடம் தந்தார். "ஆனால் நீங்கள் கேட்பதை நான் மாற்றமாட்டேன்."

அன்று சாயங்காலம் அறையில் ஆறாம் அத்தியாயத்தைத் திறந்து படித்தேன். கதவின் மரக்கோடுகள் இருந்தன. கணவனின் சாப்பாட்டுக் குச்சிகள் கிண்ணத்தில் படும் சத்தம் இருந்தது. வெயிலுக்கு மட்டும் மூன்று பக்கம். உள்ளே இருந்த பெண்ணின் பெயர் ஒரே ஒரு இடத்தில் அடைப்புக்குறிக்குள் இருந்தது. பையிலிருந்த துண்டுப்பிரசுரத்தை அதன் பிறகுதான் எடுத்துப் படித்தேன். அதிலும் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அவள் பெயர் முதல் வரியில் இருந்தது. அந்தப் படத்துக்குப் பிறகு அவள் நடிக்கவே இல்லை என்று அடுத்த வரியில் இருந்தது. இது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும், கல்யாணம் ஆகியிருக்கும் என்று நானே அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தேன்.

ஞாயிறு காலை ஒரு ஹோட்டல் அறை. தொகிவா கழுத்தில் மப்ளர் சுற்றி, அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தார். நான் நினைத்ததைவிடச் சிறிய உருவம். எழுந்து குனிந்து வணங்கினார். காத்திருக்க வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டார். எந்த ஊர் என்றார். மில்கள் நிறைந்த ஊர் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. இளமையில் ஒரு நூற்பாலையில் பாதுகாப்புப் படம் எடுத்தாராம். "உங்கள் ஊர் இயந்திரங்களில் பல்சக்கரத்துக்கு மூடி போட்டிருக்கிறார்களா?" என்று கவலையோடு விசாரித்தார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

முப்பது நிமிடம் அற்புதமாகப் பேசினார். பகல் வெளிச்சம், கேமராவின் தூரம், ரத்தப் படங்களை ஏன் எடுத்தார் என்பது. "அப்போது எனக்கு என்மேலேயே சலிப்பு. சலிப்பு வந்தவன் சத்தம் போடுவான்" என்றார். எல்லாவற்றையும் யூகோ அழகான ஆங்கிலத்தில் சொன்னார். கூட உட்கார்ந்திருந்த திரையரங்கின் விளம்பரப் பொறுப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். குறிப்பேட்டை மூடிவிட்டுக் கேட்டேன்:

"அலமாரி ஷாட்டில், ஏழாவது நிமிடத்தில், அந்த நடிகை மரியாதைச் சொல்லுக்கு மாறுகிறார். அது உங்களிடம் சொன்னதா?"

யூகோ மாற்றாமல் கேட்டார். கேட்ட விதத்திலேயே தெரிந்தது. விளம்பரப் பொறுப்பாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தொகிவா கையைக் காட்டி நிறுத்தினார். முட்டை ஓட்டைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார். பிறகு இரண்டு மூன்று வாக்கியம் பேசினார். யூகோ மொழிபெயர்க்கவில்லை. தொகிவாவின் முகத்தையே பார்த்தபடி இருந்தார்.

"ப்ளீஸ்" என்றார் தொகிவா, ஆங்கிலத்தில்.

யூகோ சொன்னார்: "ஆமாம், என்னிடம்தான். எனக்குக் கேட்டது. ஹெட்போன் என் தலையில்தான் இருந்தது. கேமராவில் இன்னும் நான்கு நிமிட ஃபிலிம் மீதியிருந்தது."

"கதவு திறக்காது என்று அவருக்குத் தெரியுமா?"

"திறக்கும் என்று சொல்லியிருந்தேன்."

"பிறகு அவரிடம் என்ன சொன்னீர்கள்?"

"டீ கொடுக்கச் சொன்னேன். எனக்கு அடுத்த ஷாட் இருந்தது." கொஞ்சம் இருமினார். "நீங்கள் அதைப் பற்றி நிறைய எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்?"

"நாற்பது முறை இருக்கும்."

தலையை ஆட்டினார். "நான் ஒருமுறைதான். எடுத்த அன்று. அதில் வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை, எடிட்டர் அப்படியே ஒட்டிவிட்டார். அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை."

நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். அவர் எழுந்து மறுபடி குனிந்து வணங்கினார். நானும் வணங்கினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. லிஃப்ட் வரை வந்த யூகோ என் தோளை லேசாகத் தொட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

ரெய்னர்ஸ் லேன் திரும்பியபோது ஜெசிந்தா அக்கா சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து வந்து நண்டுக்குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர், நான் சொன்னேன் பார்த்தியா என்று சொல்லவில்லை. அடுப்பைக் குறைத்தார்.

"அந்தப் பிள்ளை இப்ப எங்க?"

"தெரியாதுங்கக்கா."

"உயிரோட இருக்கிறாவோ?"

"அதுவும் தெரியாதுங்க."

"பதினைஞ்சு வருசமா எழுதுறனெண்டு சொன்னியள்." குற்றமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது. நண்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். "சாப்பிடுங்கோ. ஆறினால் கூடாது" என்றார்.

திங்கட்கிழமை காலை அவர் ஷிப்டுக்குப் போகும் வழியில் என்னை நிலையத்தில் விட்டார். நடைமேடையிலிருந்து ஞானசேகரை அழைத்தேன். ஆறாம் அத்தியாயத்தை எடுத்துவிட்டு வேறு எழுத வேண்டும், ஜனவரிக்கு முடியாது என்றேன்.

"மேடம், அட்டை அச்சாயிடுச்சு. அந்த அத்தியாயத்துக்காகத்தானே புத்தகமே போடறோம்?"

"ஆமாங்க. அதனாலதான் சொல்றேன்."

"அவரே ஒத்துக்கிட்டாரில்ல? அதைப் பின்னாடி பேட்டியாப் போட்டுருவோம். விக்கும்."

"பின்னாடி வேண்டாங்க. அந்த அட்டையும் வேண்டாம்."

யோசிச்சுட்டுக் கூப்பிடறேன் என்று வைத்துவிட்டார். இந்தப் புத்தகத்தை அவர் இனி போடமாட்டார் என்று அப்போதே தெரிந்தது. அப்படித்தான் ஆனது.

விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் இருந்தது. ஓரிடத்தில் உட்கார முடியாமல் கடைகளுக்கு நடுவே இரண்டு சுற்று நடந்தேன். பிறகு ஒரு தூணோரம் தரையிலேயே உட்கார்ந்து புதிய கோப்பைத் திறந்தேன். முதல் வரியே அவள் பெயராக இருக்க வேண்டும் என்று தோன்றியது. எழுதப் போனால் கை நின்றது. இத்தனை வருடமும் ஒரு கட்டுரையில் தொனோ என்றும் இன்னொன்றில் தோனோ என்றும் எழுதியிருக்கிறேன். ஆங்கிலத்திலிருந்து எடுத்தவள் நான். ஆங்கில எழுத்தில் குறிலும் நெடிலும் ஒன்றுதான்.

யூகோவுக்குச் செய்தி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் குரலில் பதில் வந்தது. பின்னணியில் அவருடைய சமையலறையில் தண்ணீர் ஓடும் சத்தம். அறிவிப்புகளின் இரைச்சலில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டேன். முதல் எழுத்தை நன்றாக இழுத்து, பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குக் கூப்பிடுவதுபோல நிதானமாகச் சொன்னார். இன்னொரு முறை போட்டுக் கேட்டேன். எழுதினேன்.

தோனோ மிவா.